கூடம் கோணல்

கிளம்பும்போது மட்டும் நடுங்கும்.
நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல் ஓர் உலுக்கல்,
பிறகு ஓடும், ஒன்றுமே நடக்காததுபோல்.

"உன் கட்டைவிரல் பயப்படுகிறது, ஹுல்டா.
வண்டிக்கு அது தெரிந்துவிடுகிறது"
என்றான் ரெனாட்டஸ், கணவனின் தம்பி.
கடை வாசலில் ஒருமுறை,
பெட்ரோலுக்கு நிற்கையில் ஒருமுறை,
மாதாகோயில் படியில், கையுறை மாட்டியபடி, ஒருமுறை.

இரண்டு குளிர்காலம் அவள் அதை நம்பினாள்.
விறகேற்றிய கொமாட்டிக்கைப் பின்னால் கட்டி
மெல்ல அழுத்தினாள். நடுங்கியது.
வெடுக்கென்று அழுத்தினாள். நடுங்கியது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள்.
கூடத்தை அளந்து பார்த்தா சொன்னார்கள்?

லாப்ரடோர் கரையில் பிப்ரவரி.
கொட்டகைக்குள் வண்டியை இழுத்துப்போட்டாள்.
பெல்ட்டைக் கழற்றினாள்: ஒரு விளிம்பு கண்ணாடிபோல் மின்னியது,
அகலத்தில் இரண்டு மில்லிமீட்டர் எங்கோ போயிருந்தது.
எங்கோ இல்லை,
மூடிக்குள், கண்மைபோல் கரிய தூளாக.

கிளட்ச் வரமாட்டேன் என்றது.
இழுக்கும் போல்ட்டை முறுக்கினாள்,
ஸ்பானருக்கு ஒரு குழாய் செருகித் தொங்கினாள்,
ஹீட்டரைத் திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடித்தாள்.
மறுபடி தொங்கினாள்.
துப்பாக்கி வெடித்ததுபோல் டொக்கென்று விட்டது.
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

மூடியிலும் உடலிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு.
திரும்பப் பூட்டுகையில் கோட்டோடு கோடு சேராவிட்டால்
நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றில் அது பழி வாங்கும்.
ஆணிகளைச் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.
ஸ்பிரிங் உள்ளே
மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மூன்று ரோலர்கள். துடைத்து மேசையில் விட்டாள்.
சாய்ந்த மேசை.
இரண்டு ஓடி விளிம்பில் விழுந்தன.
மூன்றாவது அரைச் சுற்றுப் புரண்டு அமர்ந்துகொண்டது.
தொட்டுப் பார்த்தாள்:
சுண்டுவிரல் நகமளவு தட்டை.

"ஒன்றுதானே தேய்ந்தது, மூன்று எதற்கு?"
தொலைபேசியில் கூஸ் பே கடைக்காரன்.
"மூன்றும் ஒரே எடையாக இருக்கட்டும்.
புஷ்ஷும், பெல்ட்டும் அனுப்பு."
ஒரு மாத மளிகைக் காசு.

காற்று. ஒன்பது நாள் விமானம் இல்லை.
அந்த ஒன்பது நாளில் கேட்காமலே
இரண்டு பாரம் விறகு கொண்டுவந்து இறக்கினான் ரெனாட்டஸ்.
அடுக்கியும் வைத்தான்.
போகும்போது கட்டைவிரலைப் பற்றி மறுபடி சொன்னான்.
மேலங்கிப் பைக்குள் தட்டை ரோலரை
இறுக்கிப் பிடித்திருந்தது அவள் கை.
வாய், நன்றி என்றது.

பிறகு பெட்டி வந்தது. கோடு கோட்டைச் சேர்ந்தது.
ஞாயிறு, உறைந்த விரிகுடாவில், அவன் கண்ணெதிரே
வெண்ணெயில் கத்திபோல் வழுக்கிக் கிளம்பினாள்,
ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்தாள்.

"பார்த்தாயா," என்றான், "விரல் தேறிவிட்டது."

ரோலரை எடுத்து
அவன் வண்டியின் முன்மூடிமேல் வைத்தாள்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
வண்டி முழுக்க நின்ற இடத்தில் அதிர்ந்தது.

அது உருளவில்லை.