செவ்வாயில் ஏறி, திங்களில் இறங்கி

ஃபங்காலீ ஓடுபாதையிலிருந்து பாங்கோ பாங்கோவுக்கு
எண்பது மைல், சற்றுக் குறையும்.
காற்று ஒத்துழைத்தால் முப்பத்தைந்து நிமிடம்.
ஒத்துழைக்காவிட்டாலும் அதே கட்டணம்.

நான் எடை போடுகிறவன்.
பெட்டிகளை மட்டுமல்ல, ஆட்களையும்.
சின்ன விமானம்,
யார் எங்கே உட்காருவது என்பதைத் தராசுதான் சொல்லும்.
வெட்கப்படுகிறவர்களுக்காக
எண் தெரியும் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

நடுக்கடலில் ஒரு கோடு உண்டாம்.
தினம் இரண்டு முறை தாண்டும் விமானி லோமித்துசி
அங்கே தண்ணீர்தான் இருக்கிறது என்கிறான்.
தாண்டினால் நேற்று.
மணி மட்டும் இரு கரையிலும் ஒன்றே.

செவ்வாய்க்கிழமை காலை ஃபுவாத்தினோ வந்தாள்.
எழுபத்தொரு கிலோ, செருப்போடு.
கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரு தாள்.
மாமனார் விடிகாலை மூன்று மணிக்குப் போய்விட்டார்.
கணவன் அக்கரையில், சூரை மீன் தொழிற்சாலையில்.
தாளைக் காட்டினால்தான் விடுப்பு.
"ஜன்னல் பக்கம் வேணுமா?" என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

மீதி எனக்குத் தெரிந்தது மறுநாள்.
மேற்பார்வையாளர் தாளைப் படித்தாராம்.
சுவர்க் காலண்டரைப் பார்த்தாராம்.
மறுபடி தாளை.
"இறந்த தேதி நாளைக்குப் போட்டிருக்கிறதே."
கெட்டவர் இல்லை; அவருடைய படிவம் அப்படி.
நடந்த சாவுக்கு மூன்று நாள்.
நடக்கப்போகும் சாவுக்குக் கட்டமே கிடையாது.
"காலையில் வா பெனியேலி, முதல் வேலையாகக் கையெழுத்துப் போடுகிறேன்."

பெனியேலி கையுறையை மாட்டிக்கொண்டு
வரிசைக்குத் திரும்பினான்.

புதன்கிழமை இருவரும் வந்து இறங்கினார்கள்.
வருகிறவர்களை நான் எடை போடுவதில்லை.
அவனாகவே என் தராசருகே வந்து நின்றான்,
சோப்புக்கு மசியாத மீன் வாடையோடு.

"நேத்து பூரா வெட்டினேன்" என்றான்.
"எந்த நேத்து?"
என் வாய் சும்மா இருக்காது.

"அங்கத்து நேத்து.
சுவத்துல திங்கள்னு போட்டிருந்துச்சு.
திங்கட்கிழமை அப்பா இருந்தாரில்ல?
சாயங்காலம் பன்னிக்கொட்டிலுக்குக் கம்பி வாங்கப் போனாராம்,
விலை பேசிச் சண்டை போட்டாராம்.
ஒவ்வொரு மீனா வெட்டுறப்பவும்
இப்ப கிளம்பியிருப்பார்,
இப்ப கடைக்காரனைத் திட்டிக்கிட்டிருப்பார்னு
நெனச்சுக்கிட்டே வெட்டினேன்.
நல்லாத்தான் இருந்துச்சு.
சங்கு ஊதினதும்தான்…"

வெளியே பிக்கப் வண்டி ஹாரன் அடித்தது.
ஃபுவாத்தினோ அவன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு
முன்னால் நடந்தாள்.

என் பதிவேட்டில் மூன்றே பத்திகள்:
தூரம், எடை, பயண நேரம்.
அந்த வரியில் முப்பத்திரண்டு நிமிடம் என்று எழுதினேன்.
பின்காற்று.
மூன்று நிமிடம் மிச்சம்.