சூழல் மாறி

யூனிட்டி பிளாசா இரண்டாம் மாடியில்
ஐம்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கின மடிக்கணினி.
முன்னம் வைத்திருந்தவர் கணக்காளராக்கும்,
எட்டும் ஒன்பதும் தேய்ந்து போயிருந்தன.
'என்ன பெயர் போட?' என்று கேட்டான் கடைப் பொடியன்.
நானே வாங்கித் தமிழில் அடித்தேன்: தேனுஜா.
'வடிவா இருக்கு அக்கா' என்று
பையில் போட்டுத் தந்தான்.

வியாழன் காலை முதல் செய்முறை வகுப்பு.
துறை தந்த தாளில் பதினொரு படிகள்.
நாலாம் படிவரை நானும் தாளும் சிநேகிதம்.

நள்ளிரவுக்குப் பிறகுதான் டேட்டா மலிவு.
வெள்ளவத்தை அறையில் அலாரம் வைத்து எழும்பினேன்.
மற்றக் கட்டிலில் ஷஸ்மா
போர்வைக்குள்ளிருந்தே 'லைட்டக் கொறைங்கோ' என்றாள்.

தொண்ணூற்றேழு வீதத்தில் பதினேழு நிமிடம் நின்றது.
பிறகு நிறுவி முடிந்தது.
பிறகு ஓடவில்லை.
கோப்பைக் காணவில்லை என்றது, ஆங்கிலத்தில், சிவப்பில்.
கோப்பு அங்கேதான் கிடந்தது.
நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழித்தேன். மறுபடி இறக்கினேன்.
இரண்டு ஜிபி, வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்தது.

சூழல் மாறி என்று ஒரு ஜன்னல்,
அதற்குள் பாதை என்று ஒரு நீண்ட வரி.
விரல் வைத்து வாசித்தேன், பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி.
சி தட்டு. பயனர்கள். அதற்கடுத்து நான்.
நான் இருந்த இடத்தில்தான்
அது தடுக்கி விழுந்திருந்தது.

மூன்று மணிக்கு இன்னொரு கணக்குத் திறந்தேன்.
என் பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தால்
வங்கிப் புத்தகத்து ஆள் மாதிரி இருந்தது.
அழித்துவிட்டு இசட் என்று மட்டும் போட்டேன்.
இசட்டுக்கு எல்லாம் சரிவந்தது.
பதினொரு படியும், ஒரே மூச்சில்.

முதல் நிரல்:
உலகத்துக்கு வணக்கம் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.
உலகத்தை எடுத்துவிட்டு என் பெயரை வைத்தேன்.
கறுப்புத் திரையில் வந்தது

??????

மூன்றெழுத்துக்கு எதற்கு ஆறு?
த, அதன் கொம்பு.
ன, அதன் வால்.
ஜ, அதன் அரவு.
காணவில்லை என்றது பொய்.
கண்டிருக்கிறது,
கழற்றிப் பரப்பி வைத்து
ஒவ்வொன்றாய் இது என்ன என்று கேட்டிருக்கிறது.

சுபஹுக்கு எழும்பின ஷஸ்மா
ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.
'இன்னும் சரிவரல்லையா?'
'எண்ணத் தெரியுது.
வாசிக்கத்தான் பழகேல்லை.'

ஏழரைக்கு பஸ்.
சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனேன்.