படகுத்துறைச் சீட்டுக்காரி

"இங்க பாக்க என்ன இருக்கு?"
சீட்டைக் கிழிக்கும் முன்பே கேட்கிறார்கள்.
லேடீஸ் சீட், பகோடா முனை, சேர்வராயன் கோயில்...
வாய் தானாகச் சொல்லிவிடும்.

சொல்லாதது:
செவ்வாய்க்கிழமை எனக்கு விடுப்பு.
பெர்னதெத் கடையில் மிளகாய் பஜ்ஜி,
எண்ணெய் பழகிய மூன்றாவது ஈடு.
மாசியில் ஒரு மழை தவறி விழுந்தால்
நாகலூர்ப் பாதையெங்கும் காப்பி பூத்துவிடும்;
நிறுத்தி ஏறச் சொல்லும் பேருந்தைப்
போகவிட்டு நடப்பேன்.

கடல் ஒரே தடவை, ராமேஸ்வரத்தில்.
அலையில் ஒரு கம்மல் போனது,
அதுதான் ஞாபகம்.

ஐப்பசி விடியலில்
பதினெட்டாம் வளைவில் வண்டியை நிறுத்துங்கள்.
சேலம் இருக்காது.
உருக்காலை, ஐந்து ரோடு, என் நாத்தனார் வீடு
எதுவும் இருக்காது.
வெள்ளையாய்க் கிடக்கும்.
கஞ்சமலையின் முதுகு மட்டும்
அக்கரைத் தீவு மாதிரி.
அடியில் எங்கோ ஒரு லாரி
கப்பலாட்டம் ஹாரன் அடிக்கும்.
நான் பழக்கத்தில்
காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

எட்டரை வெயில் எல்லாவற்றையும் வடித்துவிடும்.
ஒன்பதுக்குக் கவுண்டரைத் திறக்க வேண்டும்.

"எத்தனை பேருங்க?
மிதி படகா, துடுப்பா?"