அகலப்பாதை

பெட்டியில் வாங்கும் பாதைக்கு
அகலம் பதினாறரை மில்லிமீட்டர்.
எங்கள் நாட்டுத் தண்டவாளத்தை
எழுபத்தாறில் ஒன்றாய்ச் சுருக்கினால்
இருபத்திரண்டு வரவேண்டும்.
இந்த ஐந்தரை மில்லிமீட்டருக்காக
மூன்று வருஷமாய்
அச்சை அறுக்கிறேன், நீட்டுகிறேன், ஒட்டுகிறேன்,
கோணலென்று கண்டு
திரும்பவும் அறுக்கிறேன்.

பகலில் நான் பல் கட்டுகிறவன்.
ஊறணியில் சின்ன லாப்.
கடைவாய்ப்பல் வார்த்து மிஞ்சிய சாந்தில்
மேடை எழுந்தது.
பொய்ப்பல் கம்பியில் கைகாட்டி.
ஈறுக்குப் போடுகிற ரோஸ் நிறத்தை
அரத்தால் ராவித் தூவினேன்,
ஸ்டேஷன் வேலியில் கடதாசிப்பூ.

கட்டிலுக்குக் கீழே
மட்டக்களப்பு ஸ்டேஷன் கிடக்கிறது.
மேலே நாங்கள்.
யோகினி புரண்டு படுத்தால்
கைகாட்டி விழுந்து
கோச்சிக்கு வழிவிடும்.

புத்தகங்களில் எல்லாம் மலை, குகை, பனி.
இங்கே குடைய எங்களுக்கு
ஒரு மண்மேடும் இல்லை.
குடும்பிமலையைப் பின்பலகையில்
நீலமாய் ஒரு இழுப்பு இழுத்தேன்.
தட்டைநிலத்தில் ஒளிக்க ஏலாது,
ஒவ்வொரு சிலிப்பர் கட்டையும்
கண்ணில் நிற்கும்.

போயா நாளில் பலகையைத்
துணியால் சுற்றி, ஓட்டோவில் குறுக்கே வைத்து,
சின்ன உப்போடைக்குப் போவேன்.
ரோனி பல்தசாரின் மரவேலைக் கொட்டில்.
சீவல் மணம், பிளேன்டி,
யாராவது வாங்கிவரும் கச்சான்.
ஆளுக்கொரு துண்டு ஊர்.
நவ்ஷாத் ஏறாவூர்;
மணிக்கூடு திருத்துகிறவன்,
அவனுடைய பாதையில்
ஒரு தட்டுத் தடங்கல் இராது,
அதை நாங்கள் மன்னித்துவிட்டோம்.
ரோனிக்கு ஓட்டமாவடிப் பாலம்.
துஷ்யந்தன் பஸ் கொண்டக்டர்.
கோச்சியோடு போட்டிபோடுவது பிழைப்பு,
புணானைக் காட்டைக் கட்டுவது காதல்.
யானை மூன்றையும் தண்டவாளத்துக்கு
ஒரு முழம் தள்ளித்தான் நிறுத்துவான்.
கிட்ட வை, படத்துக்கு வடிவு என்றால்
பேசமாட்டான்.

முனைக்கு முனை பொருந்தவேண்டும்.
அதுதான் ஒரே சட்டம்.
ஒரு மயிர் உயர்ந்தால்
என்ஜின் தும்மும்,
நாலு பேர் குனிந்து
நாலு குற்றவாளியைச் சொல்வோம்.

சித்திரைப் போயாவுக்கு
பவளராணி வந்தாள்,
காகித ஆலையில் கணக்கு எழுதுகிறவள்.
எங்களுக்கு இல்லாமலிருந்த
வந்தாறுமூலை அவள் கையில்.
துணியை எடுத்தாள்.
மண்மேடு. புல். இரண்டு ஆடு.
தண்டவாளம் இல்லை.

மறந்துபோனாளாக்கும் என்று
ரோனி பசை தேடினான்.
நவ்ஷாத் மெல்லக் கேட்டான்,
'புள்ள, றெயில்?'
'அப்ப இல்லத்தானே' என்றாள்.
'கழட்டிட்டுப் போயிட்டாங்க.
மேடு மட்டும் கிடந்த.
மாரியில றோட்டெல்லாம் தண்ணி,
அந்த மேட்டாலதான் சைக்கிள்ல
பள்ளிக்கூடம் போனன்.
நல்ல பாதை. ஒரு குழி இல்ல.'

நடு மேட்டில்
நெற்பருமன் ஒரு சைக்கிள்,
வெள்ளைச் சட்டை.

எந்த வருஷத்தைக் கட்டுகிறோம் என்று
நாங்கள் அதுவரை
ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.
துஷ்யந்தன்தான் கேட்டான்:
'மறுகா கோச்சி எப்பிடி அங்கால போற?'
'தூக்குங்க.'

தூக்கினோம்.
என்ஜினை நான், பெட்டிகளை மற்றவர்கள்,
ஆடுகளைத் தட்டாமல்,
கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மாற்றுவதுபோல.
'சாப்பாட்டுப் பெட்டி கவனம்,
சம்பல் ஊத்திரும்' என்றான் ரோனி.
சிரித்ததில் ஒரு பெட்டி
பின்முன்னாய் இறங்கியது.

இப்போது ஒவ்வொரு போயாவும்
அந்த இடத்துக்குத்தான் காத்திருக்கிறோம்.
யார் எதைத் தூக்குவதென்று சண்டைகூட உண்டு.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
அவள் பலகையைக் கவிழ்த்துப் பார்த்தேன்:
அடியில் சிவப்பும் கறுப்பும்
இரண்டு கம்பி, முனைக்கு முனை,
சுத்தமாய்ப் பற்றவைத்து.
அங்கால் பாலத்து விளக்கு எரியவேண்டுமே.

வாழைச்சேனைப் பக்கம்
என்ஜினை இறக்குகிறேன்.
முன்சில்லு றெயிலைத் தொட்டதும்
என் விரல்களுக்குள்ளேயே
உறுமுகிறது,
விடு என்று.