இதர

ஏழாவது கூட்டம். தை மாதம், ஓசூர்க் குளிர்.
மின்விசிறிக்கு வேலை இல்லை. எங்களுக்கும்
இதுவரை பெரிதாக இல்லை.
குறிப்பெழுதும் முறை இன்று புவியியல் துறைக்கு,
அதாவது எனக்கு.

பொருள்: நகர உள்கட்டமைப்புத் திட்டமிடல்.
இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு,
பல துறைகள் சேர்ந்து நடத்துவது.
"சேர்ந்து" என்ற ஒரு சொல்லிலேயே
ஆறு கூட்டங்கள் ஓடிவிட்டன.

சிவில் திம்மராயப்பா பதினெட்டு கிரெடிட் கேட்டார்.
குழாயின் விட்டம் தெரியாதவன்
நகரத்தைத் தொடக் கூடாது என்றார்.
குழாய்க்குக் காசு யார் தருவது என்று கேட்டுவிட்டு
பொருளியல் நூருன்னிசா பன்னிரண்டு கேட்டார்.
சமூகவியலுக்கு ஆறு போதும் என்றார்கள்.
அருமைநாதன் டீயைக் குடிக்காமல் வைத்தார்.
சட்டத்துறையிலிருந்து ஆள் வரவில்லை, கடிதம் வந்தது.

(குறிப்பில் இதை எழுதவில்லை:
நான் ஒன்பது கேட்டேன்.
வரைபடம் இல்லாமல் எப்படி என்று
மேசையைத் தட்டினேன், மெதுவாகத்தான்.)

அப்போது ஜன்னலுக்கு வெளியே
பாகலூர் சாலையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.
செவ்வாயன்று தார் போட்டது.
வியாழன் குடிநீர்க்காரர்கள் வெட்டி மூடியது.
இன்று சனி, பாதாளச் சாக்கடை.
அடுத்த வாரம் கேபிளாம்,
டீ கொண்டுவந்த முனிவெங்கடப்பா சொன்னார்.

ஜேசிபி சத்தத்தில் யாரும் பேச முடியவில்லை.
மேசைமேல் எங்கள் பாடத்திட்டம்
அந்தச் சாலையாகவே கிடந்தது:
ஒருவர் போட்டதை ஒருவர் வெட்டி,
வெட்டியதை மூடாமல்.

நூருன்னிசாதான் முதலில் எழுந்தார்.
கீழே போய் நால்வரும் குழியருகே நின்றோம்.
மேலே தார், தாருக்குக் கீழே பழைய தார்,
அதற்கும் கீழே எவரோ கைவிட்ட சிமெண்ட் குழாய்,
அடியில், எந்த வரைபடத்திலும் நான் வரையாத
ஒரு வாய்க்காலின் கறுத்த களிமண்.
குழிக்குள் நின்றவர் ஒடியாவில் ஏதோ கேட்டார்.
தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் தெரிந்த
எங்கள் நால்வரில் ஒருவருக்கும் விளங்கவில்லை.
அருமைநாதன் தன் ஆறு கிரெடிட்டைப் பற்றி
வாய் திறக்கவில்லை. எங்களைப் பார்த்தார், அவ்வளவுதான்.

திரும்பி வந்து எழுதினோம்.
முதல் பருவம், முதல் தாள்: குழி.
ஒரே குழி, பதினைந்து வாரம், நால்வரும் உடன்.
திம்மராயப்பா தலைப்பை மாற்றச் சொன்னார்.
"நிலத்தடி அமைப்புகள்: ஓர் ஒருங்கிணைந்த அறிமுகம்" ஆயிற்று.
குழி, அடைப்புக்குறிக்குள் பிழைத்தது.

பல்கலைக்கழகப் படிவம் திரையில் கேட்டது: துறை?
ஒன்றைத் தேர்க.
இரண்டாவதைத் தொட்டால் முதலாவது அழிகிறது.
நாற்பது நிமிடம்.
கடைசியில் பட்டியலின் அடியில் கண்டோம்: இதர.
மெஸ் பாக்கியும் வண்டி நிறுத்தக் கட்டணமும்
குடியிருக்கும் அந்த அறையில்
எங்கள் படிப்பும் காலை மடக்கிப் படுத்துக்கொண்டது.

பங்குனியில் முதல் விண்ணப்பம்.
நாகவேணி, மத்திகிரி, பி.காம்.
சிப்காட்டில் இரவு ஷிப்ட்.
ஏன் சேர விரும்புகிறீர்கள்? இருநூறு சொற்களுக்குள்.
"எங்கள் தெருவில் தண்ணீர் விடுவது நான் தூங்கும் நேரம்.
குப்பை வண்டி வருவது நான் பஸ்ஸில் வரும் நேரம்.
இந்த நேரங்களை வைப்பது எந்த ஆபீஸ் என்று கேட்டேன்.
ஒவ்வொரு ஆபீஸும் இன்னொரு ஆபீஸைக் காட்டியது.
கடைசியாகக் காட்டிய இடத்தில் காலி மனைதான் இருந்தது.
அங்கே வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும்?"
அவ்வளவுதான். நூற்றைம்பதுக்கு மேல் மிச்சம்.

தகுதி: பொறியியல் அல்லது கட்டிடக்கலைப் பட்டம்.
நாங்களே போட்ட விதி.
எட்டாவது கூட்டத்தின் ஒரே பொருள் அது.
குறிப்பெழுதும் முறை திம்மராயப்பாவுக்கு.
விதியின்மேல் பேனாவை வைத்தபடி கேட்டார்:
குழாயின் விட்டத்தை
அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லித் தருவது?

யாரும் பதில் சொல்லுமுன்
அடித்துவிட்டார், கோடு கொஞ்சம் கோணலாக.
வெளியே, சொன்னதற்கு இரண்டு மாதம் பிந்தி,
கேபிளுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.