அதிமதுரம்

சயான் ஸ்டேஷன் நடைமேம்பாலம்.
பதினேழாவது படியில் என் கால்கள் நின்றுவிட்டன.
வலி இல்லை,
ஊறிய மாவு போல ஒரு தளர்வு.
"சலோ பாயி, சலோ" என்று
கூட்டம் இருபுறமும் பிரிந்து ஏறிப் போனது.

தாராவிப் பள்ளியில் நாலாம் வகுப்பு எனக்கு.
அறுபத்திரண்டு பிள்ளைகள், மூன்று மின்விசிறி,
ஜன்னலுக்கு வெளியே தகரம் தட்டும் பட்டறை.
அத்தனைக்கும் மேலே கேட்க வேண்டும்
ஏழாம் வாய்ப்பாடு.

தொண்டை கட்டிய ஜூலையில்
மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கினேன்.
கடைக்காரர் ஜேஷ்டமத் என்றார்,
நான் அதிமதுரம் என்றேன்.
கடைவாயில் ஒதுக்கினால்
முதலில் மரம், பிறகு இனிப்பு,
பிறகு குரல்.
உண்மையாகவே குரல் வந்தது.

ஒரு வாரத்துக்கென்று தொடங்கியது
தீபாவளி கழிந்தும் நின்றபாடில்லை.
சாக்பீஸ் டப்பாவில் சாக்பீஸைவிட அதுதான் அதிகம்.
மாலைத் தேநீரிலும் ஒரு கரண்டிப் பொடி.
மோதிரம் இறுகியது,
செருப்பு வார் பாதத்தில் பதிந்தது.
வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கானோல்கர்,
என் பழைய மாணவன் வயசிருக்கும்,
பிரஷரை இரண்டு முறை அளந்தார்.
"என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?"
"பிரஷருக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று. அவ்வளவுதான்."
பொய் சொல்லவில்லை.
வேரை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

பொட்டாசியம் இரண்டரை என்று தாள் வந்தது.
இன்னும் இறங்கியிருந்தால்
நெஞ்சு தாளம் தப்பியிருக்குமாம்.
கைப்பையைத் திறந்து
ஒரு துண்டை மேசைமேல் வைத்தேன்.
முகர்ந்து பார்த்தார். "எத்தனை நாளா?"

கேஸ் பேப்பரின் பின்பக்கத்தில் வரைந்தார்:
வேர், உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும்,
அந்த ஒரு உப்பை மட்டும் வெளியேற்றும்.
நீர் மாத்திரையும் அதே உப்பைத்தான் வெளியேற்றும்.
கழித்தல் கணக்கு. அதிலும் இரண்டு முறை.
தினமும் நான் போடுவதுதான்.

"கெட்ட வேரா டாக்டர்?"
"இருமலுக்கு ரெண்டு மூணு நாள், பலருக்கு ஒன்றும் ஆகாது.
பிரஷர்காரங்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிக்கும் வேண்டாம்."
பக்கத்துக் கட்டில் பெண்
தன் தலைமாட்டுப் பையை ஒருமுறை துழாவிப் பார்த்தாள்.

நான்கு நாள் அந்தச் சிரப்பு. த்தூ.

இப்போது வெறும் வெந்நீர்.
குரல் பாதிதான் வருகிறது.
கடைசி பெஞ்சு இசக்கிராஜா
கேட்கவில்லை என்று முன்னால் வந்து தரையில் உட்கார்கிறான்.
ஏழெட்டு, என்று முணுமுணுக்கிறேன்.
ஐம்பத்தாறு என்று அறுபத்திரண்டு பேர் கத்த
பட்டறைக்காரர் சுத்தியலை நிறுத்திவிட்டு
ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்.