தெறிப்பு

கல்லடிப் பாலத்தில் அந்த நாளில்
எங்கள் நியாயம் வேறு.
யார் குதித்தால் தண்ணீர் கைப்பிடிக் கம்பி வரை எழும்புதோ
அவன்தான் அண்டைக்கு ராசா.
முழங்காலைக் கட்டிக்கொண்டு குண்டு மாதிரி விழவேண்டும்.
(அந்தச் சொல்லுக்கு அப்போது வேறு அர்த்தம் இல்லை.)
நான் மெலிவு.
ஊசி போல இறங்கிவிடுவேன்.
"டேய் எட்வின், நீ குதிச்சியா இல்லையா?"
என்று மேலேயிருந்து கேட்பார்கள்.
தம்பிதான் நன்றாகத் தெறிப்பான்,
தோணி நனைந்து
துடுப்பை ஓங்கிக்கொண்டு வருவார்கள்.

கொழும்பில் அந்தக் குறைக்குத்தான் புள்ளி போட்டார்கள்.

மூன்று மீற்றர் பலகை.
நுனியில் மிதித்தால் கோபித்துக்கொண்டு
உன்னை மேலே எறியும்.
மணல்தாள் போலச் சொரசொரப்பு,
பதினொரு வருஷம் என் குதிக்கால் அதில் தேய்ந்தது.
ஐந்து நடுவர்.
கூடினதையும் குறைந்ததையும் வெட்டிவிட்டு
மிச்சம் மூன்றைக் கூட்டிக் கடினத்தால் பெருக்குவார்கள்.
தண்ணீர் குறைய எழும்பினால் நல்லது,
எழும்பாவிட்டால் இன்னும் நல்லது.
உடம்பு முழுக்க உள்ளே போனதும்
அவர்கள் வேலை முடிந்தது.
மேலே வருவதற்குப் புள்ளி இல்லை.

நத்தாருக்கு வந்து திரும்பும்போது
வெலிக்கந்தையில் பஸ்ஸை விட்டு இறக்கிப் பையைக் கொட்டினார்கள்.
துவாய், விக்ஸ் போத்தல்,
காற்சட்டை என்று சொல்லக் கூசும் ஒரு துண்டு.
"கொழும்புக்கு எதுக்கு?"
"குதிக்க, சேர்."
"எங்கயிருந்து?"
"மூண்டு மீற்றர்."
அவன் கூட்டாளியையும் கூப்பிட்டு
என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னான்.
மறுகா ஒருதரம் பதக்கத்தைத் துவக்கு நுனியால் தட்டிப் பார்த்தான்.
சத்தத்தில்தான் தெரிந்தது எனக்கும், அது தங்கமில்லை என்று.

ஒலிபெருக்கிக்குள் கருணைநாயகம் நுழையவில்லை.
எட்வின் கருணாநாயக்க என்றார்கள்.
பேப்பரிலும் அதுவே.
ஐந்துதரம் தேசிய சாம்பியன், கருணாநாயக்க.
திருத்தச் சொல்ல ஒருநாள் பேப்பர் கந்தோர் வாசல் வரைக்கும் போனேன்.
திரும்பி வந்துவிட்டேன்.
அந்தப் பேப்பர்த் துண்டைக் காட்டி
இரண்டு செக்பொயின்ற் கடந்திருக்கிறேன்.

முதல் தங்கம் எடுத்த கிழமை
தம்பி சைக்கிளில் செங்கலடிக்குப் போனான்.

ஒரு துளி எழும்பவில்லை.
சைக்கிளும் இல்லை.

நான் அன்று செய்தது முன்பக்கம் இரண்டரைச் சுற்று.
நாலு நடுவர் எட்டரை, ஒருவர் ஒன்பது.
தண்ணீர் மூடிக்கொண்ட அழகைப் பற்றி எழுதியிருந்தார்கள்.
அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

காது போனது ஒரு சாதாரணக் காலையில்.
தலை கொஞ்சம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.
இடது சவ்வு கிழிந்தது.
ஊரில் இன்னும் கேட்கிறார்கள்,
இவ்வளவு காலம் தண்ணிக்குக் கீழ இருந்தியே,
மீன் பாடுறது கேட்டியா?
இல்லை. என் காது பாடுவது கேட்கும்,
இப்போதும், இரவில்.

நீர் வழங்கல் சபையில் மீற்றர் பார்க்கிறேன்.
ஒருநாள் நாவற்குடாவில் நாய்க்குப் பயந்து
மதிலோரம் நின்றபோது
பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒரு பாய்ச்சலுக்கு ஒன்றரை விநாடி,
நாளுக்கு அறுபது, வருஷத்தில் முந்நூறு நாள், பதினொரு வருஷம்.
மொத்தம் காற்றில் இருந்தது
மூன்று நாள், பத்தரை மணித்தியாலம்.
ஒரு செத்தவீட்டுக்குப் போய்வரும் நேரம்.

போன சனி பாலத்தால் வந்தேன்.
பழைய பாலம்தான், பெடியன்கள் இன்னும் அதைத்தான் பிடித்திருக்கிறார்கள்.
ஒரு ஒல்லிப் பெடியன் கைப்பிடியில் ஏறி,
தவறிப்போய்த்தான், நேராக இறங்கினான்.
தண்ணீர் அவனுக்காக அசையவில்லை.
மற்றவர்கள் சிரித்தார்கள்.
நான் சைக்கிளைப் போட்டுவிட்டேன்.
பில் புத்தகம் விரிந்து கிடக்க
கம்பியைப் பிடித்தபடி எண்ணினேன்.
எட்டு.
ஒன்பது.
பதினொன்று வரை வந்தும் எண்ணினேன்.
பதினாலில்
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் தலை,
துப்பிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"தெறிக்கவேயில்லடா," என்றார்கள் அவனை.
"ஏறி வா, திரும்பக் குதி."